சகானாவில் ஒரு வரி

ஜார்ஜ் டவுன், பினாங்கு
3 ஜனவரி 2025

அன்பு மருமகள் ஷர்மினிக்கு,

உன் அம்மா குமுதாவின் ஒரே தம்பியும், பினாங்கு ஃபெரியில் ஆயுள் முழுக்க எஞ்சின் பார்த்து அந்தக் கடலையே வழவழப்பாக்கியவனுமாகிய வாசு மாமா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் தனிக்கட்சி தொடங்கியிருக்கிறது. நீ நலமா? பூந்தாழங்குடியில் காலையில் பசியாற என்ன தருகிறார்கள்? ருக்குமணி டீச்சர் திட்டுகிறாரா? திட்டாத பாட்டு டீச்சரை நம்பாதே.

இனி நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்று கொம்தார் கோபுரத்தின் உச்சியைத் தொட்டு உறுதி கூறுகிறேன். அதனால்தான் கடிதம். வாட்ஸ்அப்பில் ஏதாவது சொன்னால் "போட்டோ அனுப்புங்க மாமா" என்கிறாய். என் சொற்களைப் படம் பிடிக்கும் கேமராவை இன்னும் எவனும் கண்டுபிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். கடலுக்கு அக்கரையில், பத்து காவானில் நான் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில், வரும் வைகாசியில் ஒரு நாள் இசை விழா. கச்சேரி இல்லை, விழா. நீ இருக்கும் ஊரில் நடக்கிறதே, அதே மாதிரி. நேற்றுக் கோயில் கூட்டத்தில் அறிவித்தேன். தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் எல்லாம் ஒரு நிமிடம் மரியாதையாக மூச்சை அடக்கின.

தலைவர் யுகேந்திரன் மட்டும் அடக்கவில்லை. "வாசு அண்ணே, யார் பாடுவா?" என்றார்.

"என் அக்கா மகள். இன்ஜினியர் வேலைக்கு ஒரு வருசம் லீவு போட்டுட்டு தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டுப் படிக்கிறா. அவ வாயைத் திறந்தா பிறை மின்நிலையம் விளக்கைக் குறைச்சுக்கிட்டுக் கேட்கும்."

"அவங்க வரலைன்னா?"

"வரலைன்னா நீ கரோக்கே வெச்சுக்கோ லா."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் சிரித்த சிரிப்பிலேயே கரோக்கே பெட்டிக்கு ஆள் பார்த்துவிட்டது தெரிந்தது.

ஆகையால் அங்கே விழாவை எப்படி நடத்துகிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. அப்படியே இங்கே நடத்துகிறேன். கடைசிப் பாட்டு உன்னுடையது.

இங்ஙனம்,
தென்கிழக்காசியாவின் முதல் கிராமிய இசை விழாச் செயலாளர்,
வாசு மாமா

*

பூந்தாழங்குடி
16 ஜனவரி 2025

அன்புள்ள மாமா,

வணக்கம். நான் நலம். காலையில் இட்லி, அல்லது நேற்றைய இட்லி. டீச்சர் தினமும் திட்டுகிறார், ஆகவே நம்பலாம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை அதற்கும் கதை சொல்லி ஏமாற்றுகிறீர்களா?

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். இந்த ஊரில் வாழ்ந்து, இங்கேயே பாட்டுகள் எழுதி, இங்கேயே மறைந்த ஒருவரின் நினைவாகத் தை மாதம் நான்கு நாள் விழா. டிக்கெட் கிடையாது. பாடுகிறவருக்குப் பணம் கிடையாது, பொன்னாடை கிடையாது. யார் வேண்டுமானாலும் முன்கூட்டிப் பெயர் கொடுக்கலாம். கூப்பிடும்போது மேடைக்குப் போய் பத்து நிமிடம் பாட வேண்டும். பெரிய வித்வானுக்கும் அதே பத்து நிமிடம்தான். அவர் இறங்கியதும் அடுத்து ஏறுகிறவர் ஆறாம் வகுப்பு படிக்கலாம், வாழைக்காய் விற்கலாம்.

நேற்று உஞ்சவிருத்தி நடந்தது. அதுதான் தொடக்கம். டீச்சர் பித்தளைச் சொம்பைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பாடியபடி முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால். வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி போட்டார்கள். அந்த அரிசியில்தான் நான்கு நாளும் சாப்பாடு. ஒரு வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் கேட்டதும் நிறுத்தி, அரிசி போட்டு, கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். டீச்சர் தாளம்கூட மாற்றவில்லை. இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததே இல்லை மாமா.

நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் நாள். சகானா ராகத்தில் அந்தப் பாட்டு. வார இறுதியில் பாட்டு வகுப்புக்காக உங்கள் வீட்டில் தங்கும்போது குளியலறையில் நான் பாடப் பாட, நீங்கள் கதவைத் தட்டுவீர்களே, அதேதான். கொஞ்சம் பயம். நிறைய சந்தோஷம்.

உங்கள்
ஷர்மினி

*

ஜார்ஜ் டவுன்
30 ஜனவரி 2025

அன்பு மருமகளே,

நலம். நலமறிய ஆவல். முழங்கால் எண்ணெய் குடித்துக் கொழுத்துவிட்டது. உன் அம்மா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து முறுக்கு அனுப்பினாள். அதை உடைக்கத் துறைமுகத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. இதை அவளிடம் சொல்லாதே.

உஞ்சவிருத்தி என்று எழுதினாயே, நடத்திவிட்டேன். பத்து காவானில் வீதி ஏது? எல்லாம் அடுக்குமாடி. ஆகவே லிஃப்டில் நடத்தினேன். நான் தோளில் சொம்போடு முன்னால், பக்கத்து வீட்டு அன்னமேரி அக்கா சுருதிப் பெட்டியோடு பின்னால். அவர் சர்ச் பாடகர் குழுவில் பழுத்தவர். மேளதாளமில்லாத ஊர்வலத்தில் மாதாவே நடக்க மாட்டார் என்று அவராகவே வந்தார்.

வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா ஹாஃபிஸ் மறித்தான். "அங்கிள், எதை விற்கிறீங்க?"

"ஒண்ணும் விற்கலைப்பா. பாடுறோம். அரிசி கொடுத்தா வாங்கிக்குவோம்."

"கொடுக்கலைன்னா?"

"அப்பவும் பாடுவோம்."

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படின்னா கொடுத்திடுறதுதான் நல்லது," என்று தன் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு பொட்டலம் அரிசியைக் கொண்டுவந்தான்.

ஒரு சிக்கல். உன் சகானாப் பாட்டைத்தான் பாடினோம், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. லிஃப்ட் கதவு திறக்கும். ஒரு வரி பாடுவோம். அரிசி விழும். கதவு மூடிக்கொள்ளும். அடுத்த மாடியில் அடுத்த வரி. முடிவில் பார்த்தால் ஒரு மாடிக்கு ஒரு வரிதான் தெரியும். மூன்றாம் மாடிச் சீன முதலாளி, அந்தத் தவுக்கே, பல்லவியை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கப் போகிறார். ஏழாம் மாடிக்காரர்கள் தங்கள் வரிக்குப் பிறகு என்ன வருகிறது என்று தெரியாமல் தூக்கம் கெட்டு எட்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். முழுப் பாட்டு வேண்டுமானால் மொத்தக் கட்டடமும் ஓரிடத்தில் உட்கார வேண்டும்.

கிடைத்த அரிசி ஏழு டன். ஏற்றிக்கொண்டு வரும்போது கடல் தாண்டும் இரண்டாம் பாலம் நடுவில் சற்றே தொய்ந்தது. செய்தித்தாளில் மறைத்துவிட்டார்கள்.

உன் மூன்றாம் நாள் எப்படிப் போயிற்று? விரிவாக எழுது. நான் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன்.

அரிசிக் கப்பல்களின் அதிபதி,
வாசு மாமா

*

பூந்தாழங்குடி
14 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

நான் நலம். நீங்கள் நலமா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறினீர்களா? முழங்காலை வைத்துக்கொண்டு ஏறியிருக்க மாட்டீர்கள், ஆனால் ஏறியதாக எழுதுவீர்கள்.

விழா முடிந்தது. மாமா, எவ்வளவு பாட்டு. கரும்பு லாரி ஓட்டுகிறவர் ஒருவர் லாரியைப் பந்தலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்து தோடி பாடினார். கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. பாடி முடித்ததும் அப்படியே லாரியில் ஏறிப் போய்விட்டார், சாப்பிடக்கூட இல்லை. டீச்சர் ஓடிப்போய் வண்டி ஜன்னல் வழியாகப் பொங்கல் பொட்டலத்தை வீசினார். நாகஸ்வரக்காரர் ஆற்றங்கரையில் நின்று வாசித்தபோது துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்கள். ஒரு சேலை அடுத்த ஊர்வரை போயிற்று. இது பொய் இல்லை, உங்கள் கதைகளோடு சேர்த்துவிடாதீர்கள்.

சாப்பாடு ஆற்றங்கரையிலேயே. பாடியவர், கேட்டவர், சமைத்தவர் எல்லாரும் ஒரே வரிசை. பந்தி முடிந்ததும் பெரிய வித்வான்தான் இலை எடுத்தார். அவர் பெயர் திருநாவுக்கரசு. இந்தப் பக்கத்தில் அவர் பாடினால் குருவி கத்தாது என்பார்கள்.

டீச்சருக்குச் சளி. எனக்கு ஒன்றுமில்லை.

உங்கள்
ஷர்மினி

*

ஜார்ஜ் டவுன்
27 பிப்ரவரி 2025

அன்பு மருமகளே,

நலம். தண்ணீர்மலையில் ஏறினேன். முருகனே பாதிப் படி இறங்கி வந்து, "போதும் வாசு, மூச்சு வாங்குது உனக்கு," என்றார். டீச்சர் சளிக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு.

உன் கடிதத்தை அன்னமேரி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதுல லாரிக்காரன் பாடுறான், நாகஸ்வரக்காரன் வாசிக்கிறான், சேலைகூட ஊர் போய்ச் சேருது. எழுதின பிள்ளை எங்கே?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நீயும் பதில் எழுத வேண்டியதில்லை.

இங்கே விசேஷம். சுவரொட்டி அடித்தாயிற்று. உன் பெயரை எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறேன் என்றால், "ஷ" ஜார்ஜ் டவுனில் தொடங்குகிறது, "னி" பத்து காவானில் முடிகிறது. நடுவில் கடல். கோயில் குளத்து உடும்பு தினமும் மாலையில் கரைக்கு வந்து சுருதிப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறது. அன்னமேரி அக்கா நிறுத்தினால் நாக்கை நீட்டிக் கண்டிக்கிறது. பக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பும் கிரேனுக்கு ஆதி தாளம் பழகிவிட்டது. தாளம் தொடங்கும் சமத்தில் சரியாக இரும்பை இறக்குகிறது.

யுகேந்திரனும் சுவரொட்டியைப் பார்த்தார். "பேரு பெருசா இருக்கு. ஆளு வருவாங்களா அண்ணே?"

"வருவா."

"கரோக்கேக்காரன் டெபாசிட் கேக்குறான், அதான்."

கொடுக்காதே என்றேன்.

உடும்பு பயிற்றுநர்,
வாசு மாமா

*

ஜார்ஜ் டவுன்
20 மார்ச் 2025

ஷர்மினிக் கண்ணு,

நலம்தானே? பதில் வரவில்லை. உன் அம்மாவுக்குப் போன் செய்கிறாயாம். "நல்லா இருக்கா" என்கிறாள். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்கிறாள். என் அக்கா ஒரு சொல்லோடு நிறுத்தினால் அது தேசியச் செய்தி.

தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மேல் தப்பில்லை.

வெயில் அதிகம். நிறையத் தண்ணீர் குடி.

வாசு மாமா

*

பூந்தாழங்குடி
18 மார்ச் 2025

அன்புள்ள மாமா,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சுவரொட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் ஏறினேன். நன்றாகத்தான் தொடங்கினேன். சரணத்தில் இரண்டாவது வரி வரவில்லை. வாய் திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தாளம் ஒரு சுற்று, ஒரு ஆவர்த்தம், போனது. அப்போது கூட்டம் அந்த வரியைப் பாடத் தொடங்கிவிட்டது, மாமா. முன்வரிசை, பின்வரிசை, சமையல் பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வரை. எனக்குத் தெரியாததை ஊரே தெரிந்து வைத்திருந்தது. இவ்வளவு தூரம் வந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எல்லாரும் சேர்ந்து சொன்னதுபோல் இருந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கி, செருப்புகூடப் போடாமல் ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். காலில் முள்.

டீச்சரிடம் இனிப் பாடம் வேண்டாம் என்றேன். சரி, ஊருக்குப் போகும்வரை தம்பூரா மட்டும் போடு என்றார். மே மாதம் வருகிறேன். மீதி லீவை ரத்து செய்து வேலைக்குத் திரும்புகிறேன். உங்கள் விழாவுக்கு வருவேன், பரிமாறுவேன். பாட மாட்டேன். கரோக்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஷர்மினி

*

ஜார்ஜ் டவுன்
31 மார்ச் 2025

அன்பு மருமகளே,

நலம். நம் கடிதங்கள் இரண்டும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. முள் எடுத்தாயிற்றா? எடுக்காவிட்டால் சீழ் வைக்கும்.

உன் பெயரை எடுத்துவிட்டேன். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததில் சுவரொட்டி முழுக்க ஜன்னல். மக்கள் வரிசையில் நின்று அதன் வழியாக மறுபக்கம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நல்ல காட்சி என்கிறார்கள்.

கரோக்கே வைக்கப்போவதில்லை. வாக்குக் கொடுத்தவன் நான். ஆகவே கடைசிப் பாட்டை நானே பாடுகிறேன். இதைக் கேட்டதும் யுகேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர், இன்னொரு முறை உட்கார்ந்தார்.

பயிற்சி தொடங்கிவிட்டது. முதல் நாள் நம் தெருப் பூனைகள் மொத்தமும் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போய்விட்டன. இரண்டாம் நாள் ஃபெரி வேறு பாதையில் போனது. அன்னமேரி அக்கா மட்டும் அசையவில்லை. "வாசு, இந்தக் குரல் ஆண்டவர் கொடுத்ததுதான், சந்தேகமில்லை. நல்லபடியா அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு," என்றார்.

நீ பரிமாற வருவது எனக்குப் பெரிய உதவி. ஏழு டன் அரிசி.

சங்கீத சாகரம், ஆழம் இன்னும் அளக்கப்படவில்லை,
வாசு மாமா

*

பூந்தாழங்குடி
15 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

புத்தாண்டு வாழ்த்துகள். முள் எடுத்தாயிற்று. உங்கள் முழங்கால் எப்படி? பூனைகள் திரும்பினவா?

பக்கத்து ஊரில் ராமநவமி உற்சவம். டீச்சரோடு தம்பூரா போடப் போனேன். திருநாவுக்கரசு ஐயா பாடினார். பாதியில் ஒரு வரி அவருக்கு வரவில்லை. அவருக்கே, மாமா. நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் அந்த வரியைப் பாடிவிட்டேன். உடனே பந்தலே சேர்ந்துகொண்டது. அவர் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டு, அந்த வரியை வாங்கி, அதையே வளைத்து வளைத்துப் பாடினார். அன்று அவர் பாடியதில் அதுதான் உச்சம்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் இலையிலிருந்த ஜாங்கிரியை என் இலையில் வைத்தார். "நீ குடுத்த வரிக்கு" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

"தையில சகானா பாடிட்டு எறங்கிப் போன பொண்ணுதானே நீ?"

ஆமாம் என்றேன்.

"ஏம்மா போனே? நாங்க அந்த வரியையே திருப்பித் திருப்பிப் பாடிக்கிட்டிருந்தோம், நீ வந்து எடுத்துக்குவேன்னு. எவ்வளவு நேரம் பாடுறது? மிருதங்கக்காரர் கை வலிக்குதுன்னுட்டார். அப்புறம்தான் அடுத்தவரைக் கூப்பிட்டோம்."

நான் ஜாங்கிரியைச் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

திரும்பும்போது டீச்சரிடம், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றேன். "இங்க எல்லாருக்கும் இது தெரியும்லம்மா. பாயசம் ரெண்டாவது கரண்டி ஊத்துறதைப் போய் யாராவது சொல்லிட்டு ஊத்துவாங்களா?" என்றார்.

மே கடைசியில் வருகிறேன். பரிமாறத்தான். நீங்கள் என்ன பாட்டுப் பாடப்போகிறீர்கள்? தயவு செய்து என் பாட்டு வேண்டாம்.

உங்கள்
ஷர்மினி

*

பூந்தாழங்குடி
12 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கைச் சுங்க அதிகாரி தட்டிப் பார்த்தார். உங்களுக்குக் கோயிலில் வியர்த்துக் கொட்டியதே, டாக்டரிடம் போனீர்களா?

நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

நீங்கள் அன்று பட்டு வேட்டியில் மேடை ஏறி என் பாட்டையே தொடங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. சோற்றுக் கரண்டியோடு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். சரணம் வந்தது. முதல் வரி பாடினீர்கள். இரண்டாவது வரியில் நின்றீர்கள். கூரையைப் பார்த்தீர்கள். அன்னமேரி அக்காவின் சுருதிப் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யுகேந்திரன் அண்ணன் எங்கேயோ திரும்பி யாருக்கோ சைகை காட்டினார். எப்படியோ கரோக்கே பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார் போல. பத்து காவானில் யாருக்கும் வரி எடுத்துக் கொடுக்கும் பழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் பாடினேன். நீங்கள் அதை வாங்கித் தப்பாகப் பாடினீர்கள். நான் மறுபடி பாடினேன். ஹாஃபிஸ் கை தட்டினான். அப்புறம் அந்த அடுக்குமாடிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், மாமா. லிஃப்ட் கதை முழுக்க உங்கள் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சீனப் பெரியவர் பல்லவியை மட்டும் பாடினார், ரொம்ப உரக்க. நீங்கள் பாயில் நகர்ந்து பாதி இடம் விட்டீர்கள். நான் கரண்டியை யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி முதலிலிருந்து முழுப் பாட்டையும் பாடினேன். வரி வந்தது.

அதே பாட்டு, அதே சரணம், அதே இரண்டாவது வரி. மறந்ததுபோல் அவ்வளவு பச்சையாக நடிக்க உங்களால் மட்டும்தான் முடியும். கை நடுக்கம்கூடச் சேர்த்திருந்தீர்கள். டீச்சரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். நன்றி, மாமா.

லீவை ரத்து செய்யவில்லை. அடுத்த தைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

உங்கள்
ஷர்மினி

*

ஜார்ஜ் டவுன்
25 ஜூன் 2025

அன்பு மருமகள் ஷர்மினிக்கு,

நலம். டாக்டர் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ளே சகானா ஓடுது," என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். டீச்சர் நலமா? திருநாவுக்கரசு ஐயாவுக்கு என் வணக்கம். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு ரசிகர் உண்டு என்று சொல், உடும்பு என்று சொல்லாதே.

நீ விழாவை நேரில் பார்த்தாய். ஆகையால் உண்மையை மட்டும்தான் பார்த்தாய். பாவம். நடந்தது என்ன என்று இப்போது சொல்கிறேன். அன்று தொழிற்சாலைகள் எல்லாம் இயந்திரங்களை நிறுத்திவிட்டு உன் சுருதிக்குச் சங்கு ஊதின. பிறை மின்நிலையம் விளக்கைக் குறைத்தது. கிரேன் சமத்தில் தலை வணங்கி, ஒரு இரும்பு உத்திரத்தை உன் காலடியில் காணிக்கையாக வைத்தது. இரண்டாம் பாலத்தில் கார்கள் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையாக நின்றன. உடும்பு கண்ணீர் விட்டது. ஏழு டன் அரிசியும் தீர்ந்துபோய், யுகேந்திரன் கரோக்கே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சாம்பார் வாளியை வைத்துப் பரிமாறினார். அடுத்த வருடம் இரண்டு நாள் விழா என்று அவரே எழுந்து நின்று அறிவித்தார். பத்து நிமிடம்தான் ஆளுக்கு, பெரிய ஆளுக்கும் அதேதான், என்று உன் ஊர் விதியைத் தான் கண்டுபிடித்ததுபோல் விளக்கினார்.

என் நடிப்பைப் புகழ்ந்தாய். ஏற்றுக்கொள்கிறேன். அது சாதாரணத் திட்டமா? உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றே தொடங்கியது. எந்த வரியில் நிற்பது, எந்தப் பக்கம் கூரையைப் பார்ப்பது, கை எந்த வேகத்தில் நடுங்க வேண்டும், எல்லாம் வரைபடம் போட்டு ஒத்திகை பார்த்தேன். பழைய படைத் தளபதிகள் என் வீட்டு வாசலில் வந்து பாடம் கேட்டுக்கொண்டு போனார்கள். இப்படித்தான் யுகேந்திரனிடம் சொன்னேன். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டு எனக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அன்னமேரி அக்காவிடமும் சொன்னேன். அவர் மேடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். கோப்பியை வைத்துவிட்டு, "அப்படியா வாசு," என்றார்.

ஆகவே உனக்கு மட்டும் எழுதுகிறேன். உடும்பு பொய். கிரேன் பொய். அரிசி மூன்று மூட்டை, அதிலும் ஒன்று நான் கடையில் வாங்கியது. லிஃப்டில் பாடியது நடந்தது, ஆனால் ஐந்தாம் மாடிக்கு மேல் யாரும் கதவைத் திறக்கவில்லை. முருகன் படி இறங்கி வரவில்லை. திட்டம் எதுவும் இல்லை. கடைசிவரை பாடி முடித்து யுகேந்திரனின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். இரண்டு மாதம் பழகினேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மேடையில் உட்கார்ந்து அத்தனை முகங்களைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன், அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

அந்த ஒரு வரி மட்டும் எனக்கு நிஜமாகவே மறந்துபோயிற்று, கண்ணு.

உன்
வாசு மாமா